காதர் அண்ணனின் வெள்ளிக்கிழமை பாங்கு

போன வெள்ளிக்கிழமை மதியம் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். பின்தெருப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். காதர் அண்ணனின் குரல்! பல மாதமாகக் கேட்காத குரல்... குழம்பு என்ன ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

காதர் என் கூடப்பிறந்த அண்ணன். இங்கே திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கிறவர். வெள்ளிக்கிழமை பாங்கை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

போன வருஷம் அவருடைய மேலண்ணத்தில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. நாங்கள் பயந்தோமா? இல்லையே! எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கரிப் பல்பொடிதான். "நல்லாக் கொப்பளிங்க, போயிரும்" என்றார் மதினி. அண்ணன் பல்பொடியை விட்டு உப்புக்கு மாறினார். பல் வெளுத்தது, திட்டு பெரிதானது. அப்புறம்தான் மதுரைக்கு ஓடினோம்.

திட்டில் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார் - புற்றுநோய். அதிலும் வாய்க்குள் கறுப்பாக வருகிற இந்த வகை ரொம்ப அபூர்வமாம். அவரே இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாராம். நமக்கா இந்த அபூர்வம் வரவேண்டும்?

"இன்னைக்கே அறுத்து எடுத்திருங்கய்யா" என்று மதினி அழுதார். டாக்டர் பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"செத்த நேரம் சும்மா இரு. முழுத்தோலையும் விரிச்சுப் பாக்காம கத்தி வைப்பமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் பாய்!"

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். முகத்துக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நல்லவேளை, எங்கும் பரவவில்லை. ஆனால் அண்ணத்தில் பாதியை எடுத்தாக வேண்டும், அந்த ஓட்டை வழியாகப் பேச்சு மூக்கால் போகும் என்றார்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாங்கு சொல்ல முடியுமாங்கய்யா?"

டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. பல் டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் உட்கார்ந்து பேசி, ஆபரேஷனுக்கு முன்பே வாய்க்கு அச்சு எடுத்து, ஓட்டையை அடைக்க ஒரு தகடு செய்ய ஏற்பாடு பண்ணினார்கள். அண்ணனோ அந்த அச்சை வாங்கி, தோலைத் தரம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் திரும்பி வரக்கூடிய நோய்தான். மாதாமாதம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, தகட்டை மாட்டிக்கொண்டு தோல் ஷாப்பின் பின்பக்கம் போய்த் தினமும் குரலைப் பழக்கியிருக்கிறார் - வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"லேசா மூக்கால வந்துச்சுண்ணே."

"வந்தா வந்துட்டுப் போகுது. பள்ளி நெறைஞ்சுச்சுல்ல!"

அவருக்குத் தலைக்கனமே கிடையாது. எல்லாம் எனக்குத்தான்!