கொன்றை சாகவில்லை

இன்று வில்லியனூர் பஸ்ஸில் அஞ்சலை எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் மீன் விற்றவள். மாசியிலிருந்து அவள் வருவதில்லை. அதற்கு நான்தான் காரணம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் வாசலில் நான் நட்ட சரக்கொன்றை, இந்த மாசியில் முதல் தடவையாக இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. மீன் கழுவிய தண்ணீரை அஞ்சலை அதன் அடியில்தான் ஊற்றுவாள்.

"என் மரத்தக் கொன்னுட்டியேடி" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினேன்.

இதுவரை பூக்காத மரம் போன வாரம் கிளை தெரியாமல் பூத்துவிட்டது. கொன்றை இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார்.

"மரம் பூத்துடுச்சாமே சாமி," என்றாள் அஞ்சலை. "நாந்தான் சாவடிச்சிட்டனோன்னு மனசு அடிச்சிக்கினே இருந்துது. இப்பதான் நிம்மதியாச்சு."

அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. பஸ்ஸில் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். "இந்த வருஷம் நல்ல மழை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

தெருவே கேட்கத் திட்டியவன், மன்னிப்பை மட்டும் தனியாகப் பார்த்துக் காதோடு கேட்டால் போதுமா? போதும் என்று யாராவது சொல்லுங்களேன்.