இருபத்தேழாம் கட்டு வராத வரை

சட்டக் கல்லூரி நூலகத்தின் பின்னறையில், ஜன்னலையொட்டிய நீள மேசைதான் அவளுடைய இடம். மாணவர்கள் அவளைத் தாளக்கா என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

சட்டப் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. அது அச்சாகி முடிவதே இல்லை. தைத்து ஒட்டாமல், வளையம் வைத்த தடித்த அட்டைக்குள் தாள்களைக் கோத்து அனுப்புவார்கள். சட்டம் மாறினால், மாறிய பக்கங்கள் மட்டும் எண் போட்ட கட்டாகத் தபாலில் வரும். கட்டின் மேல் ஒரு குறிப்புத்தாள் இருக்கும்: இன்ன பக்கத்தை எடு, இன்ன பக்கத்தைப் போடு. வளையத்தைத் திறந்து, பழையதை உருவி, புதியதைக் கோத்து மூட வேண்டும். உருவிய தாள் அன்றைக்கே குப்பைச் சாக்குக்குப் போய்விட வேண்டும். விட்டுவைத்தால் யாராவது அதை எடுத்துப் படித்து நம்பித் தொலைப்பார்கள்.

நூல்பட்டியலில் இந்தப் புத்தகங்களுக்குப் பக்க எண்ணிக்கை எழுதுவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவளிடம் வந்து கேட்பார்கள்.

"இன்னைக்கு எத்தனை பக்கம்னு கேளு, எண்ணிச் சொல்றேன். நாளைக்கு எத்தனைன்னு கேட்டா எனக்கு ஜோசியமா தெரியும்?" என்பாள்.

இந்த வேலையில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. கட்டுகளை வரிசைப்படிதான் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு கட்டு தபாலில் தொலைந்தால், அதற்கடுத்த கட்டு தட்டில் காத்திருக்க வேண்டும். முந்தையது வந்து தன் பக்கங்களை மாற்றிய பிறகுதான் பிந்தையது உள்ளே போகலாம். வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை அவசரப்பட்டு முன்பின்னாகக் கோத்துவிட்டு, ஒரு முழுத் தொகுதியையும் பிரித்து மேசையெல்லாம் பரப்பி அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு காத்திருக்கும் கட்டின் உறையைக்கூடப் பிரிக்க மாட்டாள். வெளியே எண்ணைப் பார்ப்பாள், வரவு அட்டையில் குறிப்பாள், தட்டில் வைப்பாள். பிரித்தால் கை சும்மா இருக்காது என்பது அவள் பயம்.

அவளுக்குத் தம்பி ஒருவன் இருந்தான். கல்யாணம், குழந்தை என்று அவளுக்கு எதுவும் அமையவில்லை. தம்பியும் அவன் மனைவியும்தான் குடும்பம். அவன் இரும்பாலையில் கிரேன் ஓட்டினான். ஒருநாள் தூக்கிய பாரம் சங்கிலி அறுந்து விழுந்து, கீழே நின்றவர் செத்துப்போனார். சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். சொன்னது வாய்வார்த்தையாகத்தான். ஆலை அவனை வேலையை விட்டு நீக்கியது. உத்தரவில் ஒரு வரி இருந்தது: 'தன் கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானவர்.'

"வேலை போனாப் போகுதுக்கா. அந்த வரி போகணும்," என்று அவன் நூலகத்துக்கே வந்து நின்றான். "அதோட என்னால இருக்க முடியாது."

அவளே எழுந்து போய்த் தொழிலாளர் சட்டத் தொகுதியை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினாள். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்.

"அவசரப்படாதடா. முதல்ல சாட்சியைச் சேரு. சங்கிலியைப் பார்த்தவன் ஒருத்தனாவது எழுதிக் கொடுக்கணும்."

"இது பழைய புத்தகம் இல்லையே?"

"என் கையில இருக்கிற புத்தகம் பழசாகுமா?"

அவன் சிரித்தான். உத்தரவு வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தொகுதியில் இருபத்தாறாம் கட்டு வரை சேர்த்திருந்தாள். இருபத்தேழு தபாலில் எங்கோ தொலைந்துவிட, பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். இருபத்தெட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில், தட்டில், பிரிக்காமல் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கோக்காத தாள் அவள் கணக்கில் புத்தகமே இல்லை.

தம்பி அலைந்தான். ஆலையில் ஒவ்வொருவனும் பிள்ளைகுட்டிக்காரன். எவனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பராமரிப்புப் பிரிவுக்காரன் ஒருவன் மனமிரங்கி, சங்கிலியைத் தானும் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்குள் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

அந்த வாரம்தான் இருபத்தேழு வந்தது. அதைச் சேர்த்துவிட்டு, நிம்மதியாக இருபத்தெட்டின் உறையைக் கிழித்தாள். குறிப்புத்தாள் சொன்னபடி உருவி, கோத்து, உருவி, கோத்து வந்தவளின் கை ஒரு பக்கத்தில் நின்றது. தம்பிக்கு விரல் வைத்துக் காட்டிய அதே பக்கம். புதுத் தாளில் மூன்று மாதம் இல்லை. ஒரு மாதம் என்றிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த தேதியையும் பார்த்தாள். அவன் நூலகத்துக்கு வருவதற்கு முன்பே மாறியிருந்தது.

அந்தத் தாளையும் கோத்தாள். வளையத்தை மூடினாள். பழையதைச் சாக்கில் போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தம்பி சமையலறை மேசையில் மனுவைப் படியெடுத்துக்கொண்டிருந்தான். மனைவி வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பட்டப்பகல்ல வந்து நிக்கிற? நூலகத்தைக் கரையான் தின்னுடுச்சா?"

நின்றபடியே சொன்னாள். தம்பி பேனாவை மூடி வைத்தான்.

"அப்போ அன்னைக்கு நீங்க காட்டினது என்ன அண்ணி?" என்றாள் அவன் மனைவி.

"அன்னைக்குப் புத்தகத்துல அதுதாம்மா இருந்துச்சு."

"புத்தகத்துல இருந்துச்சு. சட்டத்துல இல்ல."

"ஏய், விடு," என்றான் தம்பி. "அக்கா அவ வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கா."

அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

மேல்முறையீட்டு அலுவலகத்தில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எழுத்தர் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். சொன்னார்கள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நூலகத்துல பார்த்தேன், கடையில விசாரிச்சேன்னா ஆச்சா? கெடு முடிஞ்சா முடிஞ்சதுதான்." சாட்சிக்காரன் எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வரியைப் படித்த எவரும் தம்பியைக் கிரேனில் ஏற்றவில்லை. கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கினான். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அடுத்த மழைக்காலம் முடியுமுன், லாரியின் பின்னால் மூட்டைக்குத் தோள் கொடுத்து நின்றவன் அப்படியே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

ஆலையிலிருந்து பழைய கூட்டாளிகள் வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. வந்தவர்களில் ஒருவன் அவளருகே குந்தி உட்கார்ந்து மெல்லச் சொன்னான்:

"அவன் மேல தப்பில்லன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்கா."

"எழுத்துல இல்லையேப்பா," என்றாள்.

அவன் எழுந்து, வாசல் குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். விதியை அவள் மீறவில்லை. இன்றும் கட்டுகளை வரிசைப்படிதான் சேர்க்கிறாள். ஆனால் காத்திருக்கும் கட்டை உடனே பிரித்துவிடுகிறாள். குறிப்புத்தாளைப் பார்த்து, மாறப்போகிற பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துண்டைச் செருகுகிறாள்: 'இந்தப் பக்கம் மாறிவிட்டது. பின்னறையில் கேட்கவும்.'

நூலகருக்கு அது பிடிக்கவில்லை. "இது புத்தகமாம்மா, இல்ல தோரணமா?"

"தோரணமாவே இருக்கட்டும் சார்."

சென்ற வாரம் ஒரு மாலை, வாசிப்பறையை மூடுவதற்கு முன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டே வந்தவள் மேசைக்கடியில் ஒரு மஞ்சள் துண்டைப் பார்த்தாள். யாரோ புரட்டியபோது நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுத்தாள். எந்தத் தொகுதியிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று அதில் இல்லை. அவள்தான் எழுதவில்லை.

காவலாளி வாசலில் சாவிக்கொத்தை ஆட்டினார். "தாளக்கா, கிளம்பலையா?"

"நீங்க முன் கதவைப் பூட்டிக்குங்க. நான் பின்பக்கமா வரேன்."

பின்னறைக்குப் போய், காத்திருக்கும் கட்டுகளின் குறிப்புத்தாள்களையெல்லாம் எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். அலமாரியிலிருந்து முதல் தொகுதியை இறக்கினாள். துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.