அந்த ஒரு 'ஆமா'

கருவேலம் பிசினில் வண்ணப்பொடியும் ரசாயனமும் கலந்து தாளில் பூசி, வெயிலில் புகைப்படம் அச்சிடும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் எனக்குப் பைத்தியம். சேந்தமங்கலத்தில் ஆடு மேய்க்கும் பாப்பாத்தியக்காதான் பிசின் தருவார். அவர் முகத்தைத்தான் முதலில் அச்சிட்டேன்.

தாளைக் கழுவினால், வெயில் படாத இடத்துப் பூச்சு கரைந்து முகம் தெளிய வேண்டும். நான்கு முறையும் கன்னங்கரேலென்றே நின்றது.

"பிசின்ல என்னமோ கலந்துட்டீங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். "கலந்திருந்தா நான் திம்பனுங்களா சாமி?"

மறுநாள் வேறு மரத்துப் பிசின் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பிரிக்குமுன் செய்முறையை மறுபடி படித்தேன். பூசிய தாளை இருட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்தச் சொல்லியிருந்தது. எழுதியவர் குளிர்நாட்டுக்காரர். நானோ சித்திரை மாதத்தில், தகரக்கூரைக்கு அடியில் அதை அப்படியே செய்திருக்கிறேன். வெயிலில் இறுக வேண்டிய பூச்சு, சூட்டிலேயே முழுக்க இறுகிவிட்டது.

பழைய பிசினையே பூசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். முகம் பளிச்சென்று வந்தது.

படத்தைப் பார்க்க வந்த அக்காவின் கையெல்லாம் முள் கீறல்.

"இந்தப் பிசினு தேவலைங்களா? முன்னால நாந்தான் தப்பாக் கொண்டாந்துட்டனாட்ட இருக்குதுங்க."

"ஆமாங்கக்கா" என்றேன்.

எரிந்து விழுந்ததையாவது கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த 'ஆமா'வுக்கு என்ன பெயர் வைப்பது?