தங்கையிடம் மறைத்த பரிசோதனை முடிவு

லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டில் எங்கள் நான்கு வயது மகன் அரவிந்தன் படியேற மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, சோம்பேறி என்று திட்டினேன். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

சில மாதங்களில் அவனுடைய காலிலிருந்து சிறு துண்டுத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். டிஸ்ட்ரோபி (தசைகள் மெல்லச் சிதையும் நோய், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருவது) என்றார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. முதலில் நடை போகும், பல வருடங்களின் பின் மூச்சு.

தமிழ்நாட்டுப் பெண் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். "உடம்பு தன்னையே நகலெடுக்கும்போது சில நேரம் தப்பு விழும்மா. அதைத்தான் பிறழ்வுன்னு சொல்றோம். எல்லார்கிட்டேயும் இருக்கு. அப்படி மாறி மாறித்தான் மனுஷனே வந்தான்."

மனிதகுலம் முன்னேற என் பிள்ளையின் கால்தானா கிடைத்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்.

அந்தப் பிழை மகனிடம் புதிதாக விழுந்திருக்கலாம், என்னிடமிருந்தும் வந்திருக்கலாம் என்று என் இரத்தத்தையும் எடுத்தார்கள். புதிதாக இருக்கட்டும் என்று விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். ஆனால் நான் கேரியர் (தனக்கு நோயில்லாமல் பிறழ்வைச் சுமப்பவர்) என்றே முடிவு வந்தது.

"உங்க தங்கைக்கும் இருக்கலாம். குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி அவங்களை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கொழும்பில் அம்மாவோடு இருந்த தங்கை வசந்திக்கு அப்போதுதான் லண்டன் பக்கம் சட்டனில் இருந்த மாப்பிள்ளையோடு சம்பந்தம் பொருந்தியிருந்தது. முடிவைச் சொன்னதும் அம்மா தொலைபேசியில் அழுதார். "குடும்பத்திலை இப்பிடி வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் பொம்பிளை எடுப்பினம்? அவளின்ரை கலியாணம் ஒப்பேறட்டும். பிறகு சொல்லு."

ஓம் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் மகனுக்குக் கல்சியம் குறைவு என்றேன். வசந்தி தாலியோடு லண்டன் வந்தாள். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். புதுப்பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதுவும் ஒரு சாட்டுத்தான். நான் கோழை.

மகனின் கால்களுக்குத் தாங்குபட்டை போட்ட கிழமை, இனிக் கல்சியம் என்று ஏமாற்ற முடியாமல் குசினியில் அடுப்பருகே வைத்து வசந்திக்குச் சொன்னேன். அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"உன்ரை கலியாணத்துக்கு முன்னமே."

"ஸ்கானிலை ஆம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னவை" என்றாள்.

உங்கள் கையிலும் இப்படி ஒரு முடிவு இருந்தால், கலியாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எனக்கு எந்த நோவும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். ஓடும்போது இந்த உடம்பின்மேல் வெறுப்பு வருகிறது. வசந்தியின் மகனுக்கு மூன்று வயதாகிறது. அவனைப் பரிசோதிக்க அவள் சம்மதிக்கவில்லை. அவன் எழுந்து ஓடும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அவன் கால்களையே பார்க்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.