நிறுத்தி நிறுத்திப் போட்ட ஹார்ட் டிஸ்க்

எங்கள் குடும்பத்தில் மெயின் ஸ்விட்சை இறக்காமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் கிணற்றில் ஒருமுறை, ஆளில்லாத நேரத்தில் கரண்ட் வந்து வந்து போய் மோட்டார் கருகிவிட்டது. அன்றைக்கு அப்பா போட்ட சட்டம்: ஆள் இல்லாத இடத்தில் கரண்டும் இருக்கக் கூடாது. அக்கா அந்தச் சட்டத்தைச் சீர்வரிசையோடு சேர்த்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல்கடையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே அக்காவின் வீடியோ எடிட்டிங் கடை. அவள் கணவர், அதாவது என் மச்சான், கல்யாணம் காதுகுத்து என்று அலைந்து படம் பிடிப்பார். அக்கா உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்கிறவரை சும்மா இருக்கப் பிடிக்காமல், மிச்சமுள்ள எல்லா வேலையையும் நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

டீக்குப் போனால் மெயின் இறங்கும். சாப்பாட்டுக்குப் போனால் இறங்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனாலும் இறங்கும். செய்த வேலையைச் சேமித்துவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்க மாட்டாள். பூட்டிய கடைக்குள் யு.பி.எஸ். செத்த நேரம் தனியாகக் கத்திவிட்டு, பேட்டரி தீர்ந்ததும் அடங்கிவிடும். திரும்பி வரும்போது கீழே தையல்காரர், "ஒங்க குருவி இப்பத்தான் தூங்குச்சு" என்பார்.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுற்றுகிற பெட்டி. தட்டுக்கு மேலே, தொடாமல், வாசிக்கும் முனை மிதக்கும். கிளம்பும்போதுதான் அதற்குச் சிரமம் அதிகம். அடிக்கடி நிறுத்திப் போட்டால் ஆயுசு குறையும் என்று நான் சொல்ல, ஓய்வு கொடுத்தால்தான் ஆயுசு என்று அவள் சொல்ல, எங்களுக்குள் தினமும் இதுதான் வழக்கு.

"நம்ம கிணத்து மோட்டார ஒரே காலையில பத்துவாட்டி போட்டு அணைப்பியாக்கா?"

"தண்ணியில்லாம ஓடவிட்டாலுந்தான் கருகும். நீ அதச் சொல்ல மாட்டியே."

அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்த வைகாசியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தம். மச்சான் கேமரா கார்டில் இருப்பதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் கொட்டுவார், காலிசெய்து அடுத்த மண்டபத்துக்கு ஓடுவார். வழக்கமாக இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவைத்த பிறகுதான் கார்டை அழிப்போம். அந்த வாரம் அது தள்ளிப்போனது. அப்படி ஒரே டிஸ்க்கில் தங்கிவிட்டது ஒரு காதுகுத்து வீடியோ.

அது சாதாரணக் காதுகுத்து இல்லை. குழந்தையின் தாய் மல்லிகை பயிரிடுகிற குடும்பம். பூ மார்க்கெட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மாடியேறி, வீடியோ ஆயிருச்சா என்று கேட்டுவிட்டுப் போவார். நிலத் தகராறில் அவருக்கும் உடன்பிறந்த அண்ணனுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாதே. அண்ணன் வந்தார், குழந்தையை மடியில் வைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அந்த நேரத்தில் தாய் பந்தியில் மாட்டிக்கொண்டு நின்றதால் எதையும் பார்க்கவில்லை. அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் ஒவ்வொரு நடையும் வந்தார்.

ஒருநாள் காலை கடையைத் திறந்து மெயினைப் போட்டேன். கம்ப்யூட்டர் கண் விழித்தது. டிஸ்க் விழிக்கவில்லை. டக், டக் என்று நாக்கைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே சத்தம். இனி ஒரேயொரு தடவை, அதிலும் வராவிட்டால் கழற்றி, உள்ளே இருப்பதை மீட்டுத் தருகிறவர்களுக்குச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போட்டேன். தட்டிக்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று சீரான இரைச்சலுக்கு வந்தது. திரையில் ஃபோல்டர்கள் தெரிந்தன.

அந்த நிமிடம் என் மனதில் ஒன்றுதான் இருந்தது. இது இனிமேல் நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புது டிஸ்க்கைச் சொருகி, கெட்ட இடத்தில் முட்டி நிற்காமல் நல்ல இடங்களை முதலில் அள்ளுகிற மென்பொருளை ஓடவிட்டேன். அது காட்டிய வேகத்துக்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

அக்கா படியேறி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒம்போது மணிக்குக் கரண்ட் போயிரும்டா. மாசாந்திரப் பராமரிப்பு. பொழுது சாயத்தான் வரும்."

எங்கள் யு.பி.எஸ். ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தாங்காது. கீழே தையல்கடையிலும் இன்வெர்ட்டர் இல்லை. வீட்டில் இருந்தது. பேட்டரியோடு சேர்த்தால் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். மச்சானுக்கு போன் போட்டாள் அக்கா. அவர் பழனியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தார். "எந்திரிங்க, நானும் வாரேன்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பியவள், வாசலில் பழக்கதோஷத்தில் கையை மேலே நீட்டினாள்.

நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் மெயின் பிடிமேல் இருந்தது.

ஒரு கணம் என்னை முறைத்தாள், பிறகு கையை உதறிக்கொண்டு சிரித்தாள். "கை என்னோடது, புத்தி அப்பாவோடது. நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கனயே நில்லு."

நின்றேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்தேன். தகரம் அதற்குள் காயத் தொடங்கியிருந்தது. மச்சானும் அக்காவும் இன்வெர்ட்டரை முதலில் ஏற்றிவிட்டு, பேட்டரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படிக்குப் படி இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மேலே வந்து சேர்ந்தார்கள். இதற்குப் பதிலாகத் தன்னைத் திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறச் சொல்லியிருக்கலாம் என்றார் மச்சான். கரண்ட் போவதற்கு முன்பே யு.பி.எஸ்.ஸை இன்வெர்ட்டருக்கு மாற்றினேன். மாற்றுகிற நேரத்தில் குருவி ஒரு தடவை கத்தியது. டிஸ்க்கின் இரைச்சல் மாறவில்லை.

ஒன்பதுக்குத் தெருவே அடங்கியது. எங்கள் மாடியில் மட்டும் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மானிட்டரை அணைத்தோம், எங்களுக்கான ஃபேனை அணைத்தோம். டிஸ்க்குக்குக் காற்று, எங்களுக்கு வேர்வை. அக்கா அங்கே இங்கே நகரவில்லை. எப்போதாவது மானிட்டரைப் போட்டு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்ப்போம். நடுவில் ஒரு கெட்ட இடத்தில் சிக்கிச் சத்தம் மாறியபோது, விட்டுவிடலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போனது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. மென்பொருள் தானாகவே அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

கரண்ட் வருவதற்கு முன்பே நகல் முடிந்தது. ஒருசில துண்டுகள் போயின, எல்லாம் மண்டப வாசல் அலங்காரம். காதுகுத்து முழுசாக இருந்தது.

அதன் பிறகுதான் அந்த டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி என்று அக்கா முன்னால் நிரூபிக்கிற ஆசைதான். ஆனால் அது கிளம்பிய தடவைகள், அதைத் தயாரித்தவர்கள் தாங்கும் என்று சொல்கிற அளவுக்கு வெகு கீழேதான் இருந்தன. அதை மட்டும் வைத்து, நிறுத்தி நிறுத்திப் போட்டதால்தான் இது செத்தது என்று என்னால் சொல்ல முடியாது. சூடு, எங்கள் தகரக் கூரைக்கு ஏற்ற மாதிரி, ஏறித்தான் இருந்தது. என் கண்ணை உறுத்தியது வேறொன்று. முனையை ஒதுக்கி வைக்க அவகாசம் இல்லாமல் திடீரென்று கரண்ட் பிடுங்கப்பட்ட தடவைகள், கிளம்பிய தடவைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அணைத்தது தப்பில்லை. அணைத்த விதம்தான் தப்பு. அதுகூட என் ஊகம்தான். அதே வயசில், ஒரு நாளும் நிற்காமல் ஓடிச் செத்த டிஸ்க்கும் உண்டு.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். "அப்ப நீயும் ஜெயிக்கல" என்றாள். ஆமாம் என்றேன். ஆனால் இனி கம்ப்யூட்டரை முறைப்படி மூடி, இரைச்சல் முழுசாக நின்ற பிறகுதான் மெயின் இறங்கும், இரண்டு நகல் இல்லாமல் எந்த கார்டும் காலியாகாது, எந்த முகூர்த்தமாக இருந்தாலும் சரி என்றேன். அவள் பேரம் பேசவில்லை. யு.பி.எஸ்.ஸுக்கு அந்த வாரமே புது பேட்டரி வந்தது.

மறுநாள் அந்தத் தாய் மார்க்கெட் முடிந்து காலிக் கூடையோடு மாடியேறினார். நாற்காலியில் உட்காரவைத்து, காது குத்துகிற இடத்தைப் போட்டுக் காட்டினேன். குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய்மாமன் அதை நெஞ்சோடு அணைத்து, கையிலிருந்த மொய்க் கவரால் அதன் காதுக்கு விசிறுகிறார். ஆசாரி நகர்ந்த பிறகும் விசிறிக்கொண்டே இருக்கிறார். ஒரு கட்டத்தில் அவர் தலை நிமிர்ந்து பந்திப் பக்கம் யாரையோ தேடுகிறார்.

அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். திரும்பவும் கேட்டார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டார்:

"எங்கண்ணன் இம்புட்டு நேரம் மடியில வச்சிருந்தானா? ஆரும் எங்கிட்டச் சொல்லலியே."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதுல அவனுக்குன்னு ஒண்ணு தனியா போட்டுக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கேன்."

பென்டிரைவ் ஒன்றை எடுத்துச் சொருகினேன். ஏறி முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.