காலியாக இருந்த முதல் கதிரை

கடந்த வருடம் ஆடி மாதம், திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியை ஒட்டிய எங்கள் கல்லூரி மைதானத்தில் நடந்தது இது. மாகாண மட்டப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி. வென்றால் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு அதுதான் பாடசாலைக் காலத்தின் கடைசி வாய்ப்பு.

அன்று அந்த அணிக்கு நான் யார் என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏனென்றால் எனக்கே அது தெளிவாக இருக்கவில்லை.

நான் வணிகப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு போட்டியிலாவது பந்தைத் தொட்டவள் அல்ல. பெண் பிள்ளைகள் வெளியூருக்கு விளையாடப் போனால் ஓர் ஆசிரியை கூடப் போகவேண்டும் என்பது விதி. பக்கத்தில் லிங்கநகரில் வீடு, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், டீச்சர் போகலாம்தானே என்று என்னை அனுப்பினார்கள். தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவது, பைகளை வரிசையாக அடுக்குவது, தாய்மாரிடம் அனுமதி வாங்குவது, இவைதான் என் வேலைகள். ஆனால் வருடக்கணக்காக மைதானத்தின் ஓரத்தில் சும்மா இருக்க முடியுமா? பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. யார் எப்போது களைக்கிறாள், யாருக்கு இடக்கை வராது என்பதெல்லாம் தெரியத் தொடங்கியது. ஒரு நாள் பயிற்றுவிப்பாளரிடம், "சேர், அந்தப் பிள்ளை எப்பவும் வலப்பக்கம்தான் திரும்புது" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை அடைக்கச் சொல்லிக் கத்தினார். அடுத்த வருடம் உதவிப் பயிற்றுவிப்பாளர் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

சேர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் மாவட்டத்துக்கு விளையாடியவர். எங்கள் அணிக்கென்று போடும் வரிசையில் முதல் கதிரை அவருடையது. அதன் முதுகில் அவருடைய வெள்ளைத் துவாய் தொங்கும். இரண்டாவது கதிரை என்னுடையது. ஆட்டம் நடக்கும்போது ஓர் அணியின் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவர் மட்டுமே எழுந்து நிற்கலாம். அவர் நிற்பார், நான் இருப்பேன். நான் கண்டதை அவருடைய முழங்கைப் பக்கமாகச் சொல்வேன். அவர் அதை மைதானத்துக்குச் சொல்வார்.

இன்னொரு வேலையும் என்னிடம் இருந்தது. ஒரு பிள்ளையை வெளியே எடுத்தால் அவள் சேரைக் கடந்து வந்து என் பக்கத்தில்தான் இருப்பாள். "சேர் ஏன் டீச்சர் என்னை எடுத்தவர்?" என்று மூக்கை உறிஞ்சுவாள். நான் பையிலிருந்து இஞ்சி பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, "அவருக்கு ஒரு கணக்கு இருக்கும் பிள்ளை" என்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, மகளின் பிரசவத்துக்காக சேர் கனடா போனார். "வந்திடுவன் டீச்சர்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. நான் அதிபரிடம் போய்க் கேட்டேன், "அப்ப இனி நான் தலைமைப் பயிற்றுவிப்பாளரா, இல்லாட்டி அவர் வரும் வரைக்கும் நிக்கிறனா?"

அதிபர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இப்போதைக்கு நடக்கட்டும் டீச்சர், பிறகு பாப்பம்" என்றார்.

அலுமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வைத்திருப்பவள் நான். இந்தப் பதிலை எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

போட்டியன்று பிள்ளைகள் வழமைபோலக் கதிரைகளைப் போட்டார்கள். முதல் கதிரையில் துவாயையும் விரித்துவிட்டார்கள். அவர் விட்டுப்போன துவாய்தான். ஏன் என்று நானும் கேட்கவில்லை. போய் இரண்டாவது கதிரையில் இருந்தேன்.

எதிரணிப் பிள்ளைகள் உள்ளக அரங்கில் பழகியவர்கள். அவர்களில் உயரமான ஒருத்தி தூரத்தில் நின்று எறிந்த பந்துகள் வரிசையாக வளையத்துக்குள் போயின. எங்கள் பந்து பரிமாறும் பிள்ளை களைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. பழக்கத்தில் பக்கத்துக்குச் சாய்ந்து, "சேர், அவளைக் கொஞ்சம் எடுங்கோ" என்றேன்.

மற்றப் பக்கத்தில் இருந்த மாற்று வீராங்கனை என்னை விநோதமாகப் பார்த்தாள். "டீச்சர், சேர் கனடாவில" என்றாள்.

"தெரியும்" என்றேன். அதன் பிறகும் சிறிது நேரம் நான் ஒன்றும் செய்யவில்லை. யாரோ டைம் அவுட் கேட்பார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கவேண்டியவள் நான்தான் என்று மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் பின்தங்கியிருந்தோம். அப்போது அணித்தலைவியின் தகப்பன் கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சர், சேர் லைன்ல நிக்கிறார். நான் வீடியோவில காட்டிக்கொண்டு இருந்தனான்."

பிள்ளைகள் எல்லோரும் என்னை விட்டுவிட்டுக் கைபேசியைச் சுற்றினார்கள். திரையில் சேர் தேநீர்க் கோப்பையோடு தெரிந்தார். "அந்த உயரமான பிள்ளையை விடாதேங்கோ. ஆளுக்கு ஆள் பிடியுங்கோ" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பின்னேரமாகிவிட்டது, கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. ஆடி மாதத்தில் இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் வறண்ட காற்று அது. எங்கள் பிள்ளைகள் அதில் விளையாடியே வளர்ந்தவர்கள். வந்தவர்கள் அப்படியல்ல. இனித் தூரத்திலிருந்து எறிந்தால் பந்து விலகித்தான் போகும். அவர்களை எறியவிட்டு வளையத்துக்குக் கீழே அடைத்து நின்றால் போதும். ஆனால் சேருக்கு மேலால் நான் கதைப்பதா?

கைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனேன். "சேர், இங்க கச்சான் வலுவா அடிக்குது. வெளியில விட்டிட்டு உள்ளுக்குள்ள அடைப்பமா?"

  "எனக்கு இங்க காத்துத் தெரியேல்ல டீச்சர்" என்றார். "நீங்கள் அங்க நிக்கிறீங்கள். நீங்களே முடிவெடுங்கோ."

திரும்பி வந்து பிள்ளைகளிடம், "உள்ளுக்குள்ள அடைச்சு நில்லுங்கோ. வெளியில எறிஞ்சா எறியட்டும்" என்றேன். சேரும் சம்மதித்தார் என்று ஒரு வசனம் சேர்த்திருக்கலாம். ஏன் சேர்க்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. நான் இருந்தபடியே கத்தினேன். காற்று என் குரலை அள்ளிக்கொண்டு போயிற்று. பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற ஒரு நேரத்தில், கிண்ணியாவிலிருந்து வந்திருந்த மத்தியஸ்தர் என்னைக் கடந்து போனார். அதற்கு முன் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தைத் திருப்பாமலே, "டீச்சர், எழும்பி நிண்டு சொல்லுங்க. நிக்கிற உரிமை இண்டைக்கு ஒங்களுக்குத்தான்" என்றார்.

எழுந்து நின்றேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இருந்து பார்த்த அதே மைதானம், நின்று பார்த்தபோது வேறு மைதானம்போலத் தெரிந்தது.

நினைத்தபடியே உயரமான பிள்ளையின் பந்துகள் விலகிப் போகத் தொடங்கின. ஆனால் எங்கள் அணித்தலைவி மட்டும் அடைப்பை விட்டு வெளியே ஓடி ஓடி அவளையே மறித்துக்கொண்டிருந்தாள். அவள் விட்ட இடைவெளியால் மற்றவர்கள் உள்ளே வந்து போட்டார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். "சேர் அப்பிடித்தானே டீச்சர் சொன்னவர்" என்றாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் ஓடினாள்.

அவளை வெளியே எடுத்தேன். அணியின் சிறந்த வீராங்கனை, அதுவும் இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதியில். பின்னால் தகப்பன், "இதென்ன விசர் வேலை" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் என்னைக் கடந்து போய், முதல் கதிரையையும் இரண்டாவதையும் விட்டுவிட்டு, வரிசையின் கடைசிக் கதிரையில் இருந்தாள்.

அவள் இல்லாமலே முன்னுக்கு வந்தோம். திரும்ப இறக்கலாமா என்று பல தரம் நினைத்தேன். ஒவ்வொரு தரமும் பயம் வந்தது, இறக்கவில்லை. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்றோம்.

பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடினார்கள். மாற்று வீராங்கனைகள் எல்லோரும் ஓடினார்கள். அணித்தலைவி மட்டும் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வழமைபோலப் பையைத் திறந்து, இஞ்சி பிஸ்கட் பக்கெற்றை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள், நிமிராமலே. "சேர் இருந்திருந்தா என்னை எடுத்திருக்க மாட்டார்."

அப்படியும் இருக்கலாம். அவளை விட்டிருந்தாலும் வென்றிருப்போமா என்பதும் எனக்குத் தெரியாது. "டீச்சருக்கு ஒரு கணக்கு இருக்கும் பிள்ளை" என்று என்னைப் பற்றி அவளுக்குச் சொல்ல, அங்கே வேறு யாரும் இல்லை. பக்கெற்றை அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன். பைகளை அடுக்கி முடித்துத் திரும்பியபோதும் அது பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

அகில இலங்கைப் போட்டிக்குப் போனோம், அவளும் வந்தாள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம். அவள் என்னோடு மரியாதையாகக் கதைத்தாள். முன்புபோலக் கதைக்கவில்லை. சேர் இன்னும் கனடாவில்தான். அதிபரிடம் மறுபடி கேட்டேன், "அதுதான் நடக்குதே டீச்சர்" என்றார். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுபவள் நான். தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆன நாள் எது என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒரு பக்கமும் இல்லை.

இந்த வருடம் ஆங்கிலம் படிப்பிக்கும் இளம் டீச்சர் ஒருவரை என்னோடு சேர்த்திருக்கிறேன். இரண்டாவது கதிரை அவருடையது. நான் வெளியே எடுக்கும் பிள்ளைகள் என்னைக் கடந்து போய் அவர் பக்கத்தில் இருந்து குசுகுசுக்கிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு ஒரு சொல் விடாமல் தெரியும். அந்த நேரங்களில் எல்லாம் சேர் ஏன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புள்ளிப் பலகையையே பார்த்தபடி நிற்பார் என்று முன்பு எனக்கு விளங்கியதில்லை. இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.