கேள்விக்குறிக்கு எண் இல்லை

டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணைத் தேடிப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். எழுதாததற்குப் போட்டால் வேலை போய்விடும். ஷூ கம்பெனி வாசல்களில் இருபது வருடம் தொழிற்சங்க நோட்டீஸ் கொடுத்து ஓய்ந்த நான், இப்போது ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வேலை செய்கிறேன். வாயை மூடிக்கொண்டு கட்டம் நிரப்புகிறவர்களுக்கு என் நிலை புரியும்.

அரிப்பு

ஸ்டெல்லாவுக்கு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை. அடிக்கடி முகம் சிவந்து, உடம்பு தடித்து, மயங்கி விழுவாள். ஷிப்ட் முடிந்த பிறகே எங்கள் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வருவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். சீட்டில் "அரிப்பு" என்றிருக்கும். நானும் அரிப்புக்கான எண்ணையே போடுவேன். அந்தச் சீட்டை கம்பெனியில் நீட்டி வேறு செக்‌ஷன் கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் சொன்ன பதில்: "அரிப்புக்கெல்லாம் செக்‌ஷன் மாத்தினா, பசைய நான்தான் தடவணும்மா."

சந்தேகம்

புதிதாக வந்த டாக்டரம்மா ஒருநாள் "மாஸ்ட் செல் கோளாறு" என்று எழுதி, முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டார். உடம்பைக் காக்கும் செல்களே காரணமில்லாமல் கொதித்தெழுகிற நோய். ஆனால் சந்தேகத்துக்கு எண் கிடையாது, அரிப்புக்குத்தான் உண்டு. சந்தேகத்தையே தலைப்பாகப் போட்டு நோட்டீஸ் அடித்தவன் நான். அந்த நோயின் எண்ணையே அடித்துவிட்டேன். என் வயதில் பாதிகூட இல்லாத எங்கள் கோடிங் செக்‌ஷன் தலைவி ஷபீனா அதை அழித்தாள். "நியாயம் உங்க பக்கம்தான் ணா. ரிப்போர்ட் இன்னா சொல்லுது?"

பெல்ட்

ரிப்போர்ட் வேண்டுமென்றால், மயங்கிய சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தார். அடுத்த முறை ஸ்டெல்லா விழுந்தபோது, ஷூ நகரும் பெல்ட்டை நிறுத்திவிட்டு, நான்கு பெண்கள் அவளை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். உடனே ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து மறுபடியும். ஒப்பிட்டுப் பார்த்து, மருந்துக்கு நோய் அடங்குவதையும் கண்டு, டாக்டரம்மா கேள்விக்குறி இல்லாமல் எழுதினார். எண்ணைப் போட்டேன். ஸ்டெல்லா பேக்கிங்குக்கு மாறினாள்.

தூக்கி வந்தவர்களில் ஒருத்தியான சாந்தியிடம், பெல்ட்டை நிறுத்தச் சொன்னது யார், முன்னாடியே கூடிப் பேசினீர்களா என்று ஆவலாகக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதுல பேச இன்னா ணா கீது? வுழுந்தா, தூக்கினோம்."

ஒரு பெல்ட் நிற்பதைப் பார்க்க இருபது வருடம் வாசலில் காத்துக் கிடந்த நான், அது நின்ற நேரத்தில் இரண்டு தெரு தள்ளி யாருடைய மூட்டுவலிக்கோ எண் தேடிக்கொண்டிருந்தேன்.